வேட்டை இனக் கடுவன் நாய்: காயடிப்பதா, விட்டுவைப்பதா, எப்போது?

எட்டு மாதமான பாயிண்டர் கடுவன். தடுப்பூசிக்குக் கூட்டிப்போன இடத்தில் டாக்டர், "வயசு சரியா இருக்கு, ஆபரேஷன் பண்ணிடலாம், சாதுவாயிடும்" என்கிறார். கூட வேட்டைக்கு வரும் பெரியவரோ, "வேணாம் தம்பி, காயை எடுத்தா மூக்கு போயிடும். அப்புறம் சோம்பேறி நாய்தான்" என்கிறார். இருவரும் அனுபவசாலிகள், நாய்மேல் அக்கறை உள்ளவர்கள். நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பாடுதான் திண்டாட்டம்.

நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன். ஒரு செட்டர் கடுவனுக்கு 7 மாதத்தில் செய்துவிட்டுப் பின்னால் வருந்தினேன். ஒரு பாயிண்டரை 6 வயது வரை முழுசாக வைத்திருந்து, தேவை வந்தபோது செய்தேன். அதில் எனக்குக் குறையில்லை. அதனால் என் சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "செய்யலாமா, கூடாதா" என்று கேட்பவர்களைவிட, "எந்தத் தொல்லைக்காக, எத்தனை வயதில்" என்று கேட்பவர்கள் சரியான முடிவுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள்.

## முதலில் மூக்கு விஷயத்தை முடித்துவிடுவோம்

காயடிப்பு என்ற சொல் மாட்டோடு ஒட்டி வந்த சொல். முட்டித் திரிந்த காளை சாதுவான எருதாவதைப் பார்த்த கண், நாயும் அப்படியே அடங்கிவிடும் என்று நினைக்கிறது. டாக்டரின் "சாது"வும் பெரியவரின் "சோம்பேறி"யும் ஒரே நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

பெட்டை நாய்கள் கடுவனுக்குச் சளைக்காமல் வேட்டையாடுகின்றன. மோப்பம் பிடிக்கின்றன, பறவையைக் கண்டு சிலையாக நிற்கின்றன, தண்ணீரில் குதித்து எடுத்து வருகின்றன. இதற்கெல்லாம் விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் காரணம் என்றால் பெட்டைகளால் எப்படி முடிகிறது? வேட்டை வேகம் வம்சத்தில் வருவது, பழக்கத்தில் கூர்மையாவது. விதையை எடுத்தால் அது போய்விடாது. அதே காரணத்தால், முயலைக் கண்டதும் கூப்பிடக் கூப்பிட ஓடும் நாய், ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படியேதான் ஓடும். கூப்பிட்டால் வரப் பழக்க வேண்டிய வேலையைக் கத்தியிடம் ஒப்படைக்க முடியாது.

மாறுவது வேறு சில: உடல் எடை, ரோமம், மூட்டு, சில நாய்களில் தைரியம். முடிவை இவைதான் தீர்மானிக்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஆறு விஷயங்களைப் பார்க்கிறேன். எல்லாம் சம எடை உள்ளவை அல்ல.

எலும்பும் மூட்டும். வேட்டை நாயின் மூலதனமே கால்தான். வளரும் எலும்பின் நுனியில் உள்ள குருத்தெலும்புத் தட்டுகள் மூடிக்கொள்ள இனப்பெருக்க ஹார்மோன் வேண்டும். அதற்கு முன்பே விதையை எடுத்துவிட்டால் தட்டுகள் தாமதமாக மூடும். கால் எலும்பு இயல்பைவிடக் கொஞ்சம் நீளும், மூட்டுக் கோணமும் மாறும். பெரும்பாலான நடுத்தர இனங்களில் 12 முதல் 14 மாதத்துக்குள் வளர்ச்சி முடியும். பெரிய உடல்வாகு உள்ளவற்றில் 18 மாதம்கூட ஆகும்.

களத்தில் கவனம். பெட்டை வாசம் பட்டால் அதன் பின்னால் போகுமா? பத்தடிக்கு ஒருமுறை காலைத் தூக்குமா? மற்ற கடுவன்களோடு சண்டைக்கு நிற்குமா?

தைரியம். துப்பாக்கிச் சத்தம், இடி, புது ஆள், புது இடம். வேட்டை நாயிடம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

முதுமை நோய்கள். புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் ஆண் சுரப்பி) வீக்கம், விதைக் கட்டி, ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டி ஒரு பக்கம். சில வகைப் புற்றுநோய்கள் மறுபக்கம்.

வம்சம். நல்ல வேலைக்காரன் என்று தெரிந்த பிறகு குட்டி எடுக்க முடியாமல் போனால் அந்த இழப்பு திரும்ப வராது.

உங்கள் வேலியும் வீடும். பலர் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் முதலில் கேட்பது இதைத்தான். சுவர் எவ்வளவு உயரம்? பக்கத்தில் பெட்டை இருக்கிறதா? கதவைச் சாத்தாமல் போகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது உண்டா?

## வழி 1: அப்படியே விடுவது

உடல் வளர்ச்சி இயல்பாக நடக்கும், தசை இறுக்கமாக நிற்கும், ரோமம் மாறாது, வம்சத்துக்கான கதவு திறந்தே இருக்கும். இனத் தோற்றப் போட்டிகளில் கடுவனுக்கு இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. அந்த ஆசை இருப்பவருக்கு வேறு வழி கிடையாது.

கடுவனை முழுசாக வைத்திருப்பது பொறுப்பின்மை என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. நார்வேயின் விலங்கு நலச் சட்டம் தக்க காரணம் இல்லாமல் நாய்க்கு விதை நீக்குவதை அனுமதிப்பதில்லை. அங்கே முழுசான கடுவனும் பெட்டையும் வீட்டில் வளர்கின்றன, காட்டுக்கும் போகின்றன. அதற்கு ஈடாக அங்குள்ளவர்கள் கயிற்றையும் கதவையும் கவனிக்கிறார்கள். அப்படிக் கவனிக்க உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி.

மறைவான செலவு இங்கேதான் நிறைய. பெட்டை ஏறத்தாழ ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை ஹீட்டுக்கு, அதாவது இணைசேரும் பருவத்துக்கு, வரும். ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று வாரம் நீடிக்கும். உங்கள் வீட்டில் ஒரு பெட்டையும் பக்கத்தில் இரண்டும் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்தில் பல வாரம் கடுவனுக்கு நிம்மதி இல்லை. என் பாயிண்டர் ஒரு வேட்டை சீசன் நடுவில் ஐந்து நாள் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசல் இடுக்கில் மூக்கை வைத்தபடி இரவெல்லாம் முனகியது. ஆறாம் நாள் களத்துக்குக் கூட்டிப்போனால் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது, கண்ணில் வேலையே இல்லை. காற்று திரும்பியதும் தலையைத் தூக்கி எதிர்த்திசையில் ஓட்டம் எடுத்தது. ரோட்டைத் தாண்டித்தான் பிடித்தேன். அன்று வண்டி எதுவும் வராதது அதன் அதிர்ஷ்டம், என் அதிர்ஷ்டமும்கூட.

நோய்ப் பக்கம் பார்த்தால், 5 வயதைத் தாண்டிய முழுக் கடுவன்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரோஸ்டேட் வீங்கத் தொடங்கியிருக்கும். பலவற்றுக்கு வெளியே எதுவும் தெரியாது. மலம் நாடாபோலத் தட்டையாக வந்தால், முக்கினால், குறி நுனியில் ரத்தச் சொட்டு தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டும். மாதம் ஒருமுறை விதைகளை விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஒன்று மட்டும் கெட்டியாகவோ பெரிதாகவோ மாறினால், அல்லது ஒன்று வீங்கி மற்றது சுருங்கினால் அது கட்டியாக இருக்கலாம். விதைக் கட்டிகளில் பெரும்பான்மை பரவாத வகை, எடுத்துவிட்டால் முடிந்தது. புரோஸ்டேட் வீக்கத்துக்கும் அதேதான்: விதை நீக்கிய சில வாரங்களில் சுரப்பி பாதிக்கு மேல் சுருங்கிவிடும். அதாவது இந்த நோய்களுக்குப் பயந்து சின்ன வயதிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வந்தபிறகு செய்தாலும் பெரும்பாலும் பலிக்கும். ஒன்பது வயதில் மயக்க மருந்து கொடுப்பது இரண்டு வயதில் கொடுப்பதுபோல் அவ்வளவு லேசு இல்லை என்பதை மட்டும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

புரோஸ்டேட் புற்றுநோய் வேறு கதை. அது அரிது, விதை நீக்கம் அதைத் தடுப்பதில்லை. விதை நீக்கிய கடுவன்களில்தான் அது கூடுதலாகக் காணப்படுகிறது. "புரோஸ்டேட் கேன்சர் வராம இருக்க எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் வீக்கத்தையும் புற்றையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

பெட்டைகளோடு கண்டபடி சேர விட்டால் இணைசேர்தல் வழியே தொற்றும் கட்டியும் புரூசெல்லா கேனிஸ் கிருமியும் வரலாம். பின்னது மனிதருக்கும் தொற்றக்கூடியது.

## வழி 2: ஒரு வயதுக்குள் காயடிப்பது

வசதியானது. ஆறாம் ஏழாம் மாதத்தில் ஆபரேஷன் சின்னது, ஆறுவது வேகம், தற்செயல் குட்டிக்கு வழியே இல்லை. காப்பகங்கள் இந்த வயதில் செய்வதற்கு நியாயமான காரணம் உண்டு: நாய் யார் வீட்டுக்குப் போகும், அங்கே வேலி இருக்குமா என்று அவர்களுக்குத் தெரியாது.

வேலை செய்யப்போகும் பெரிய, நடுத்தர இனத்துக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2013-இல் 759 கோல்டன் ரிட்ரீவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசினார்கள். முழுக் கடுவன்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு சுமார் 5 சதவீதம். ஒரு வயதுக்குள் விதை நீக்கியவற்றில் சுமார் 10. முழங்கால் சிலுவைத் தசைநார் அறுந்த முழுக் கடுவன் அந்தப் பதிவுகளில் ஒன்றுகூட இல்லை. சீக்கிரம் செய்தவற்றில் சுமார் 5 சதவீதம். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றும் சீக்கிரம் செய்தவற்றில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

தசைநார் அறுந்தால் என்ன ஆகும் என்று வேட்டை நாய் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சீசன் போய்விடும். ஒரு காலில் அறுந்த நாய்க்கு மறுகாலிலும் அறுவது சகஜம்.

இந்த எண்களை எல்லா இனத்துக்கும் நீட்டக்கூடாது. அதே குழு 2020-இல் 35 இனங்களைப் பார்த்தபோது இனத்துக்கு இனம் வேறுபாடு தெரிந்தது. லாப்ரடார் கடுவன்களில் 6 மாதத்துக்கு முன் செய்ததுதான் மூட்டுக் கோளாறைக் கூட்டியது. கோல்டனில் ஒரு வயது வரை அந்த ஆபத்து நீண்டது. சின்ன உடல் இனங்களில் மூட்டுக் கணக்கு பெரிதாக மாறவே இல்லை. பொந்துக்குள் இறங்கும் குட்டி டெரியருக்கும் நாள் முழுக்க வயல் ஓடும் பாயிண்டருக்கும் ஒரே தேதி குறிப்பது தவறு.

என் செட்டர் விஷயத்துக்கு வருகிறேன். 7 மாதத்தில் செய்தோம். காலில் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒன்றரை வயதில் ரோமம் பஞ்சாக மாறியது. செட்டர், ஸ்பேனியல் போன்ற பட்டு ரோம இனங்களில் இது தெரிந்த விளைவு: பளபளப்பு போய், அடி ரோமம் அடர்ந்து, கம்பளிபோல் ஆகிவிடும். பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். புதரில் ஒருமுறை ஓடிவிட்டு வந்தால்தான் தெரியும். முன்பு சீப்பை ஓட்டினால் உதிர்ந்துவிடும் ஒட்டுமுள், இப்போது காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் பின்னங்கால் குஞ்சத்திலும் முடிச்சாக இறுகிக்கொண்டது. களத்தில் ஒரு மணி நேரம், வீட்டில் முள் எடுக்க ஒன்றரை மணி நேரம். கடைசியில் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தேன். ஈரம் காயவும் நேரமானது. தோல் புண்ணும் வந்தது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குட்டை ரோமப் பாயிண்டரோ பீகிளோ வைத்திருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

## வழி 3: வளர்ச்சி முடிந்த பிறகு காயடிப்பது

இரண்டு வயது வரை காத்திருந்தால் மூன்று விஷயம் கைக்கு வந்துவிடுகிறது. எலும்பு வளர்ந்து முடிந்திருக்கும். ஒன்றிரண்டு சீசனில் நாயின் உண்மையான தரம் தெரிந்திருக்கும். இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வயதும் வந்திருக்கும். அமெரிக்காவின் விலங்கு எலும்பியல் அறக்கட்டளை 24 மாதம் முடியாமல் இடுப்புக்கு இறுதிச் சான்று தருவதில்லை. எட்டு மாதத்தில் முடிவெடுப்பவர், விதைக்கத் தகுந்த வித்தா என்று பார்க்காமலே களத்தை மூடிவிடுகிறார். நல்ல நாய் என்று தெரிந்தும் காயடிக்க வேண்டியிருந்தால், அதற்கு முன் விந்தை எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

"பழக்கம் ஊறிப்போன பிறகு செய்தால் பலன் இருக்காதே" என்ற பயம் பலருக்கு உண்டு. 1997-இல் வந்த ஒரு ஆய்வு 57 கடுவன்களை வைத்து இதைத்தான் பார்த்தது. ஊர் சுற்றுவது, மற்ற நாய்மேலோ ஆள்மேலோ ஏறுவது, சிறுநீர் தெளிப்பது ஆகிய மூன்றும் 60 சதவீதத்துக்கு மேற்பட்ட நாய்களில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. நாயின் வயதோ பழக்கம் எத்தனை காலம் இருந்தது என்பதோ பலனை மாற்றவில்லை. நான்கு வயதில் செய்தாலும் ஊர்சுற்றி அடங்க அதே அளவு வாய்ப்பு உண்டு.

அதே ஆய்வு ஏமாற்றமும் தந்தது. கடிக்கிற, சீறுகிற குணம் குறிப்பிடும்படி குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நாய்களில்தான். பயத்துக்குப் பலனே இல்லை.

பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014-இல் விஸ்லா என்ற வேட்டை இனத்தின் 2,505 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வில், 6 மாதத்துக்குள் விதையோ சினைப்பையோ நீக்கப்பட்ட நாய்களுக்கு இடிச்சத்தப் பயம் கூடுதலாக இருந்தது. உரிமையாளர் சொன்னதை நம்பி எழுதியது என்பதால் அதையே வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனால் களத்தில் பார்த்தவர்களின் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது: ஏற்கெனவே கூச்சமான கடுவனுக்குச் செய்தால் கூச்சம் ஏறலாம். முதல் வெடிச்சத்தத்தில் வாலை இடுக்கிக்கொண்டு காலுக்குள் பதுங்கிய நாய்க்கு, என்னைக் கேட்டால், கத்தியை வைக்கவே கூடாது. குறைந்தபட்சம் அடுத்து வரும் வழியை முதலில் பார்க்க வேண்டும்.

எடை விஷயம் காயடித்த எந்த நாய்க்கும் உண்டு. வேட்டை நாய்க்கு அது இரட்டை அடி. ஆபரேஷனுக்குப் பின் உடலுக்குத் தேவையான சக்தி ஏறத்தாழ கால் பங்கு குறையும். பசி மட்டும் கூடும். ஆபரேஷனை எல்லோரும் எப்போது வைக்கிறார்கள்? சீசன் முடிந்ததும். ஓட்டமும் அப்போதுதான் நிற்கிறது. தினம் முப்பது கிலோமீட்டர் ஓடிய நாய் தெருமுனை வரை நடக்கும் நாயாகி, கூடவே ஹார்மோனும் போய், தட்டில் மட்டும் சீசன் அளவே விழுந்தால் அடுத்த சீசன் தொடக்கத்தில் பீப்பாய் ஒன்று கயிற்றில் வரும். அந்த எடையோடு முதல் நாள் பள்ளத்தில் குதிக்கும்போதுதான் தசைநார் அறும். கத்தியைக் குற்றம் சொல்வார்கள். பாதிக் குற்றம் அளவுக் கரண்டியுடையது.

## வழி 4: ஊசி வழி இம்ப்ளான்ட்

அரிசி அளவில் இருக்கும் டெஸ்லோரெலின் குச்சியைத் தோலுக்கடியில் செலுத்துவார்கள். மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை அது மெல்ல நிறுத்திவிடும். 4.7 மில்லிகிராம் குச்சி குறைந்தது 6 மாதமும், 9.4 மில்லிகிராம் குச்சி குறைந்தது 12 மாதமும் வேலை செய்யும். பிறகு ஹார்மோன் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். சின்ன நாய்களில் திரும்பக் கூடுதல் காலம் பிடிக்கும்.

எனக்கு இது ஒத்திகை மாதிரி. காயடித்தால் இந்த நாய் என்ன ஆகும் என்பதை ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிடலாம். பசி ஏறுகிறதா, கூச்சம் வருகிறதா, காலைத் தூக்குவது குறைகிறதா, அல்லது எதுவுமே மாறாமல் பிரச்சனை முழுக்கப் பழக்கத்தில்தான் இருந்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைப்பதே பெரிய விஷயம்.

இரண்டு பொறி இருக்கிறது. குச்சி போட்ட முதல் சில வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஏறும். சண்டைக்காரன் இன்னும் சண்டைக்காரனாவான். சீசன் தொடங்கும் வாரத்தில் போட்டுக்கொண்டு "வேலை செய்யல" என்று திட்டாதீர்கள்; இரண்டு மாதம் முன்னதாகப் போட வேண்டும். அடுத்தது, மலட்டுத்தன்மை உடனே வராது. சின்னக் குச்சிக்கு 6 வாரமும் பெரியதற்கு 8 வாரத்துக்குக் குறையாமலும் பெட்டையிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

வருஷா வருஷம் போடுவதானால் செலவு ஆபரேஷனை மிஞ்சிவிடும். அதனால் பலருக்கு இது இடைவழிதான்.

## வழி 5: வாசெக்டமி

விந்துக் குழாயை மட்டும் வெட்டிக் கட்டுவது. ஹார்மோன் அப்படியே இருப்பதால் எலும்பு, ரோமம், தைரியம் எதுவும் மாறாது. ஊர் சுற்றுவதும் சண்டையும் புரோஸ்டேட்டும்கூட மாறாது. பெட்டையோடு சேரவும் செய்யும். குட்டி மட்டும் வராது. கடுவனும் பெட்டையும் கலந்து வாழும் பட்டிக்கு இது கச்சிதம். மற்றவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. செய்து பழகிய டாக்டர் கிடைப்பதும் எளிதல்ல.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழுசாக | 1 வயதுக்குள் | 2 வயதுக்குப் பின் | இம்ப்ளான்ட் | வாசெக்டமி |
|---|---|---|---|---|---|
| மூட்டு, எலும்பு | நல்லது | பெரிய இனத்துக்கு ஆபத்து | பெரும்பாலும் நல்லது, எடையைக் கட்டினால் | வளர்ந்த நாய்க்கு நல்லது | நல்லது |
| பெட்டை வாசத்தில் கவனம் சிதறல் | அதிகம் | மிகக் குறைவு | நன்றாகக் குறையும் | குறையும், முதல் சில வாரம் கூடும் | மாறாது |
| பயந்த நாய்க்கு | ஏற்றது | ஏற்றதல்ல | யோசிக்க வேண்டும் | சோதித்துப் பார்க்கலாம் | ஏற்றது |
| பட்டு ரோமம் | மாறாது | பஞ்சாகலாம் | பஞ்சாகலாம் | மாறலாம், பிறகு திரும்பும் | மாறாது |
| புரோஸ்டேட் வீக்கம் | வரும் | வராது | வராது, இருந்தால் சுருங்கும் | மருந்து உள்ளவரை சுருங்கும் | வரும் |
| குட்டி எடுக்க | முடியும் | முடியாது | உறைவிந்து இருந்தால் மட்டும் | பிறகு முடியும் | பெரும்பாலும் முடியாது |
| உங்கள் உழைப்பு | ஆயுள் முழுக்கக் காவல் | தீனிக் கணக்கு | இரண்டு வருஷக் காவல், பிறகு தீனிக் கணக்கு | தேதி மறக்காமல் இருப்பது | காவல் மட்டும் பாதி |

ஆயுளைப் பற்றி ஒரு வரி சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பதிவிலிருந்து 40,139 நாய்களை எடுத்துப் பார்த்த 2013 ஆய்வில், கருத்தடை செய்த நாய்கள் சராசரி 9.4 வயதிலும் செய்யாதவை 7.9 வயதிலும் இறந்திருந்தன. பார்த்ததும் "செய்தால் ஒன்றரை வருஷம் கூடுதல்" என்று தோன்றும். செய்தவை புற்றுநோயில் கூடுதலாகவும், செய்யாதவை அடிபட்டும் தொற்றிலும் கூடுதலாகவும் இறந்தன. அடிபட்டுச் சாவது பெரும்பாலும் வேலி சம்பந்தப்பட்டது. தவிர, கருத்தடைக்கு முன்பே குட்டியாகச் செத்தவை எல்லாம் "செய்யாதவை" கணக்கில்தான் சேரும். அந்த எண்ணை வைத்து உங்கள் ஒரு நாய்க்கு முடிவெடுக்க முடியாது.

## யாருக்கு எது?

விதை ஒன்று இறங்கவே இல்லை என்றால் மேலே எழுதியதெல்லாம் தேவையில்லை. இரண்டாம் மாதவாக்கில் இறங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் வரை பார்க்கலாம். வயிற்றுக்குள் தங்கிய விதையில் கட்டி வரும் வாய்ப்பு பல மடங்கு, முறுக்கிக்கொள்ளவும் செய்யும். குறை வம்சத்தில் தொடர்வது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். எலும்பு வளர்ந்து முடியும் வரை தள்ளிப்போடலாமா என்பதை மட்டும் டாக்டரோடு பேசிக்கொள்ளலாம்.

உயர்ந்த சுவர், பெட்டை இல்லாத அக்கம்பக்கம், தினமும் நாயோடு நேரம் செலவிடும் ஒருவர், கூப்பிட்டால் வரும் நாய் என்று நான்கும் இருந்தால் முழுசாக விட்டுவைப்பேன். ஐந்து வயதிலிருந்து வருஷம் ஒருமுறை புரோஸ்டேட்டைப் பார்க்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

வீட்டில் பெட்டையும் இருக்கிறது, இரண்டையும் வேலைக்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் கடுவனுக்கு இரண்டு வயதில் செய்யலாம். அதுவரை இம்ப்ளான்டை இட்டு நிரப்ப நினைத்தால் வளரும் நாய்க்கு வேண்டாம். ஹார்மோனை நிறுத்துவது எலும்புக்கு ஒரே விஷயம்தான், கத்தியால் நின்றாலும் குச்சியால் நின்றாலும். பெட்டை ஹீட்டுக்கு வரும்போது அதைத் தெரிந்தவர் வீட்டில் விடுவதே மேல். ஒரே வீட்டில் இரண்டு அறை, ஒரு கதவு என்ற ஏற்பாட்டை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

வீட்டில் பலர் வந்து போகிறார்கள், கதவு சாத்தியதா என்று உறுதி இல்லை, நாய் ஏற்கெனவே இரண்டு முறை ஓடிவிட்டது என்றால் ஒரு வயது தாண்டியதும் செய்துவிடுங்கள். மூட்டுக் கணக்கை விட லாரிச் சக்கரம் நிச்சயமானது.

சண்டைக்காகச் செய்ய நினைப்பவர் ஒன்றைக் கவனித்துப் பார்க்கட்டும். கடுவன்களிடம் மட்டும் சீறுகிறதா, அல்லது தட்டு, பொம்மை, பிடித்த பறவை என்று எதைச் சுற்றியும் சீறுகிறதா? முதல் வகைக்குக் கொஞ்சம் பலன் இருக்கலாம். இரண்டாம் வகை ஹார்மோன் வேலை இல்லை.

## செய்வதென்று முடிவானால்

சீசன் முடிந்த முதல் வாரத்தில் தேதி வாங்குங்கள். பத்து முதல் பதினான்கு நாள் குதிக்கவும் ஓடவும் நீந்தவும் விடக்கூடாது. சோபா நாய்க்கு அது லேசு, வேட்டை நாய்க்குத் தண்டனை. துள்ளினால் விதைப்பையில் ரத்தம் கட்டி எலுமிச்சை அளவு வீங்கும். தையலை நக்காமல் இருக்கப் போடும் கழுத்துக் கூம்பை "பாவமாக இருக்கிறது" என்று இரவில் கழற்றியவர்கள் காலையில் பிரிந்த தையலோடு ஓடியிருக்கிறார்கள். அலுப்பைப் போக்கத் துணிக்குள் தீனியை ஒளித்து மோப்பம் பிடிக்கவிடுங்கள். கால் ஓயும், மூக்கு வேலை செய்யும்.

காயடித்த அன்றே நாய் மலடாவதில்லை. குழாயில் தங்கிய விந்து சில வாரம் உயிரோடு இருக்கும். ஆறு வாரம் பெட்டைப் பக்கம் விடாதீர்கள்.

தீனியை ஆபரேஷன் நாளிலிருந்து கால் பங்கு குறையுங்கள். சீசன் முடிந்ததற்கான குறைப்பு தனி, இது தனி. கண்ணளவில் போடாமல் எடைபோட்டுப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடைமேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். என் பாயிண்டர் 26 கிலோ. ஆபரேஷனுக்குப் பின் நான்காம் மாதம் 26.8 காட்டியது. மறுநாள் காலைத் தட்டிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துவிட்டேன். அது காலித் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.